பைரவ ராகம்: திருப்பெயர் தாங்கிய வைகறைப் பண்

இறைவன் நாத வடிவினன் என்பது சைவ நூல்களின் துணிபு. ஆதலின் நம் முன்னோர் இசையை இன்பம் பயக்கும் கலையாக மட்டும் கருதாது, வழிபாட்டின் இன்றியமையாத உறுப்பாகவே போற்றினர். இக்குடமுழுக்கு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று திருப்பணிக் குழுவினர் கேட்டபோது, தலபுராணத்தையோ திருமுறையையோ பற்றி யான் எழுதுவேன் என்றே எண்ணியிருப்பர். வடநாட்டில் வழங்கும் இந்துஸ்தானி இசையின் இராகம் ஒன்றைப் பற்றி எழுதப் புகுந்தமை அன்பர்கள் சிலருக்கு வியப்பளிக்கலாம். அவ்விராகத்தின் பெயர் பைரவம். சிவபெருமானுடைய திருக்கோலங்களுள் ஒன்றன் பெயரைத் தாங்கி, வைகறைப் பொழுதில் பாடப்பெறுவது அது. குடமுழுக்கு நாளில் நாம் சிந்திக்கத்தக்க செய்தி ஒன்று அதன் வரலாற்றில் உள்ளது.

இத்திருக்கோயிலின் திருப்பணி நடைபெற்ற காலத்தில், சிதைந்த தூண்கள் அகற்றப்பெற்றுப் புதிய கற்கள் நாட்டப்பெற்றன. தளவரிசை மாறிற்று. மடைப்பள்ளி புதிதாயிற்று. அவற்றைக் கண்டு, “பழையது போயிற்றே, இனி இது நாம் வழிபட்ட அதே கோயில்தானோ?” என்று மனம் வருந்தியவர்கள் உண்டு. அவர்களுள் யானும் ஒருவன். அவ்வருத்தம் நீங்குவதற்குத் துணைசெய்தது இந்தப் பைரவ ராகத்தைப் பற்றிய நினைவே. ஆதலின் அதனை ஈண்டு அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

காசியில் கேட்டது

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன், மடத்தில் பாடங்கேட்டு முடித்த இளமைப் பருவத்தில், காசிக்குச் சென்றிருந்தேன். குமரகுருபர அடிகளின் பெயர் விளங்கும் மடம் கேதார கட்டத்தை அடுத்து உள்ளது. அங்கே தங்கியிருந்தபோது, ஒருநாள் விடிவதற்கு முன் நீராடப் படித்துறைக்குச் சென்றேன். தொலைவில் எங்கோ ஷெனாய் ஒலித்தது. நம் நாகசுரத்தினும் சிறிதாய், குரல் மெல்லியதாய் உள்ள கருவி அது. காதுகொடுத்துக் கேட்டேன். சுரங்கள் யாவும் அறிந்தனவாகவே இருந்தன. “இது நம் மாயாமாளவகௌளை அன்றோ!” என்று உடன்வந்த மடத்து அன்பரிடம் பெருமிதத்தோடு கூறினேன். வடநாட்டு இசை பிற மதத்தார் கைப்பட்டுச் சைவ மணம் இழந்தது என்பது அந்நாளில் என் எண்ணம். படித்த செருக்கும் உடன் இருந்தது.

அவ்வன்பர் மறுநாள் என்னை முதிய பாடகர் ஒருவரிடம் அழைத்துச் சென்றார். அவர் இசுலாமியர், எளிய வீட்டில் வாழ்ந்தவர். யான் கூறியதை அன்பர் இந்தியில் எடுத்துரைக்க, பெரியவர் நகைத்தார். பின்பு தம்பூராவைச் சுருதி கூட்டி, அதே ஏழு சுரங்களை இருமுறை பாடிக் காட்டினார். முதன்முறை பாடியது துள்ளி ஓடும் மெட்டாய் இருந்தது. “இது காலிங்கடா” என்றார். இரண்டாம்முறை மிக மெல்லத் தொடங்கினார். ஒவ்வொரு சுரத்திலும் நின்று நின்று சென்றார். தைவதத்தை அடைந்தபோது, நின்ற சுடர் காற்றில் அசைவதுபோல் அது அசைந்தது. “இது பைரவம்” என்றார். சுரம் ஒன்றே, இராகம் இரண்டு. “வீடு ஒன்றாயினும் உள்ளே இருப்பவர் வேறு, மகனே” என்று அவர் சொன்ன சொல்லை அன்பர் தமிழில் கூறினார். நாணித் தலைகுனிந்தேன். பைரவத்தைப் பற்றி யான் கற்கத் தொடங்கியது அன்றுதான்.

பெயரும் பிறப்பும்

பெயர் ஒற்றுமையால் எழும் மயக்கத்தை முதற்கண் நீக்கிக்கொள்ளவேண்டும். பைரவம் வேறு, பைரவி வேறு. நம் கருநாடக இசையில் பெரிதும் வழங்கும் பைரவி, 20ஆவது மேளமாகிய நடபைரவியின் வழிப்பட்டது. இந்துஸ்தானி பைரவியோ நம் தோடியின் சுரங்களை ஒத்தது. கருநாடக இசையிலும் பைரவம் என்ற பெயரால் ஓர் இராகம் 17ஆவது மேளமாகிய சூரியகாந்தத்தின் வழியில் உண்டு, அதுவும் இதுவன்று. இந்துஸ்தானி பைரவத்தின் சுரங்கள், நம் சிறுவர் சரளிவரிசையில் முதன்முதற் பயிலும் 15ஆவது மேளமாகிய மாயாமாளவகௌளையின் சுரங்களே ஆகும்.

இதன் பிறப்பைப் பற்றிய மரபுரை சைவ அன்பர்களின் உள்ளத்தைக் குளிர்விப்பது. 17ஆம் நூற்றாண்டில் தாமோதரர் இயற்றிய ‘சங்கீத தர்ப்பணம்’ என்னும் வடநூல், இறைவன் திருநடனம் தொடங்கிய காலத்து அவனுடைய ஐந்து திருமுகங்களினின்றும் ஐந்து இராகங்கள் தோன்றின என்று கூறும். சத்தியோசாதத்தில் ஸ்ரீராகமும், வாமதேவத்தில் வசந்தமும், அகோரத்தில் பைரவமும், தற்புருடத்தில் பஞ்சமமும், ஈசானத்தில் மேகமும் பிறந்தன. ஆறாவதாகிய நட்டநாராயணம் உமையம்மையின் திருவாயினின்று தோன்றிற்று. அகோரம் தென்றிசை நோக்கிய திருமுகம் என்பதை அன்பர்கள் அறிவர்.

இவ்வரலாற்றைச் சைவர் மட்டும் போற்றினர் அல்லர். அக்பர் பேரரசரின் (ஆட்சி 1556-1605) அமைச்சர் அபுல் பசல் பாரசீக மொழியில் எழுதிய ‘அயினி அக்பரி’யிலும் இவ்வாறு இராகங்களும் மகாதேவரோடும் பார்வதியோடும் தொடர்புபடுத்தியே கூறப்பெற்றுள்ளன.

தாமோதரர் நூலில் பைரவ ராகத்திற்குத் தியான வடிவமும் உண்டு. கங்கையைத் தரித்து, பிறையைத் திலகமாகச் சூடி, முக்கண்ணும் அரவணிகளும் யானைத்தோலும் திரிசூலமும் தலைமாலையும் உடையதாய் விளங்குவது அவ்வடிவம். இராகங்களுள் முதலாவது என்னும் பொருளில் ‘ஆதிராகம்’ என்றே அந்நூல் இதனைக் குறிக்கின்றது. இராஜஸ்தானத்திலும் இமயமலைச் சாரலிலும் இருந்த சிற்றரசர்களின் ஓவியர்கள் இராகங்களை உருவப்படுத்தி வரைந்த ‘இராகமாலை’ ஓவியங்களில், பைரவம் சிவ வடிவிலேயே பெரிதும் தீட்டப்பெற்றது.

சுரங்களின் அமைதி

இனி அதன் கட்டமைப்பைக் காண்போம். பைரவம் ஏழு சுரங்களும் நிறைந்த சம்பூரண ராகம். ரிஷபமும் தைவதமும் கோமளம், அஃதாவது தாழ்ந்தவை. காந்தாரமும் நிஷாதமும் உயர்ந்தவை. மத்தியமம் தாழ்ந்தது. இவற்றை வடநாட்டார் கூறும் பெயரும் நாம் கூறும் பெயரும் வேறுபடும். அவர் கோமள ரிஷபம் என்பதை நாம் சுத்த ரிஷபம் என்போம். அவர் சுத்த காந்தாரம் என்பதை நாம் அந்தர காந்தாரம் என்போம். அவர் சுத்த நிஷாதம் என்பது நமக்குக் காகலி நிஷாதம்.

இச்சுரங்களின் அமைப்பில் ஓர் அழகிய ஒப்புமை உண்டு. ஷட்ஜத்தினின்று ரிஷபம் எவ்வளவு உயரமோ, அவ்வளவே பஞ்சமத்தினின்று தைவதம். ரிஷபத்தினின்று காந்தாரத்திற்கு எவ்வளவு தொலைவோ, அவ்வளவே தைவதத்தினின்று நிஷாதத்திற்கு. ஒரே வரிசையில் ஏற்றிய இரு விளக்குகள்போல் இரு பாதிகளும் அமைந்துள்ளன. கணக்கில் கூறின், ரிஷபம் ஷட்ஜத்தின் 16/15 பங்கு. அதனை 3/2 ஆற் பெருக்கினால் தைவதத்தின் அளவாகிய 8/5 கிடைக்கும். ஷட்ஜத்திற்கும் பஞ்சமத்திற்கும் உள்ள உறவே ரிஷபத்திற்கும் தைவதத்திற்கும் உள்ளது என்க. இளஞ்சிறார் முதலிற் பயில இச்சுரவரிசை ஏற்றதாய் இருப்பதற்கு இவ்வொப்புமையும் ஒரு காரணமாகும். முதற்பாடத்தை இவ்வரிசையில் வகுத்தவர் புரந்தரதாசர் என்பது மரபு.

எனினும் சுரவரிசை மட்டும் இராகம் ஆகாது. இராகத்தில் ஒரு சுரம் அரசாய் இருத்தல் வேண்டும். அதனை வாதி என்பர். அதற்கு அமைச்சாய் நிற்பது சம்வாதி. பைரவத்தில் தைவதம் வாதி, ரிஷபம் சம்வாதி. இவ்விரண்டும் ஆந்தோலனம் என்னும் அசைவோடு ஒலிக்கும். ஆந்தோலனம் என்பதற்கு ஊஞ்சலாட்டம் என்பது பொருள். தைவதம் நிஷாதத்தைத் தொட்டுத் தொட்டுத் தாழும். ரிஷபம் காந்தாரத்தைத் தொட்டுத் தொட்டுத் தாழும். விரைவான கமகம் அன்று. மூச்சுப்போல் மெதுவாக எழுந்தடங்குவது. மத்தியமத்தினின்று ரிஷபத்திற்கு இழைந்து இறங்கி ஷட்ஜத்தில் அமரும் ‘க ம ரி ஸ’ என்னும் சொற்கட்டும், ‘க ம த ப’ என்னும் சொற்கட்டும் கேட்டவுடன் பயின்றோர் இது பைரவம் என்று துணிவர். காலிங்கடாவில் இவ்வசைவு இல்லை. தைவதத்திற்கும் ரிஷபத்திற்கும் இத்தலைமை இல்லை. ஆதலின் அது மெல்லிசைக்குரிய ஓட்டம் உடையதாயிற்று. காசிப் பெரியவர் எனக்கு உணர்த்தியது இதுவே.

பாடும் பொழுதும் இவ்வமைப்போடு தொடர்புடையது. இரவும் பகலும் சந்திக்கும் வேளைக்குரிய இராகங்களை வடநாட்டார் ‘சந்திப்பிரகாசம்’ என்பர். தாழ்ந்த ரிஷபமும் உயர்ந்த காந்தாரமும் ஒருங்கே நிற்றல் அவற்றின் அடையாளம். தாழ்ந்த மத்தியமம் மேலோங்கின் அது விடியற்காலத்தது. உயர்ந்த மத்தியமம் மேலோங்கின் மாலைக்காலத்தது. பைரவத்தில் தாழ்ந்த மத்தியமமே உண்டு. வாதியாகிய தைவதம் மேற்பாதியில் நிற்பதும் நள்ளிரவு முதல் நண்பகல் வரையுள்ள இராகங்களுக்குரிய இலக்கணமாம். நம் ஓதுவார் மரபிலும் பகற்பண், இராப்பண், பொதுப்பண் என்ற பாகுபாடு உண்டு. பகற்பண்களுள் ஒன்றாகிய இந்தளத்தை இன்று மாயாமாளவகௌளையிலோ அதன் வழிவந்த நாதநாமக்கிரியையிலோ ஓதுவர். சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருவெண்ணெய்நல்லூரில் அருளிய முதற்பதிகம் அப்பண்ணினது.

மாறியதும் மாறாததும்

மேற்கூறிய அமைப்பு இன்றைய பைரவத்தினது. பழைய பைரவம் இவ்வாறு இருந்ததா? இல்லை என்பதே விடை.

தேவகிரியில் யாதவ மன்னன் சிங்கணன் (ஆட்சி 1210-1247) அவையில் இருந்த சார்ங்கதேவர், ‘சங்கீத ரத்னாகரம்’ என்னும் பெருநூலை இயற்றினார். அந்நூலில் பைரவம் பின்னஷட்ஜம் என்னும் இராகத்தினின்று பிறந்ததாகக் கூறப்பெறுகின்றது. அதில் ரிஷபம் இல்லை, பஞ்சமமும் இல்லை. ஐந்து சுரங்களே உண்டு. இன்று சம்வாதி என்னும் அமைச்சுப் பதவியில் வீற்றிருக்கும் ரிஷபம், அன்று அவைக்குள்ளேயே வரவில்லை! தாமோதரரும் ரிஷபமும் பஞ்சமமும் இல்லாத அவ்விலக்கணத்தையே எழுதிவைத்தார். சுருதிக் கணக்கும் அன்று வேறு, இன்று வேறு. ஆகவே 13ஆம் நூற்றாண்டின் பைரவத்தையும் இக்காலத்துப் பைரவத்தையும் ஏட்டில் வைத்து ஒப்பிடுவார், இவை இருவேறு இராகங்கள் என்றே கூறிவிடுவர்.

ஆனால் சார்ங்கதேவர் கூறிய இலக்கணத்தில் இரண்டு செய்திகளை நோக்குக. ஒன்று, பைரவத்தின் உயிர்ச்சுரமாகிய அம்சசுரம் தைவதம் என்றார். மற்றொன்று, இவ்விராகம் பிரார்த்தனைக்கு உரியது என்றார். ஏறத்தாழ 700 ஆண்டுகள் கழிந்தபின், பண்டித விஷ்ணு நாராயண பாத்கண்டே (1860-1936) வடநாட்டு இசைவாணர் பலர் பாடக் கேட்டு இலக்கணம் வகுத்தபோதும், பைரவத்தின் வாதி தைவதமாகவே இருந்தது. அதன் சுவை அமைதியும் பக்தியுமாகவே இருந்தது. இல்லாத சுரங்கள் வந்து சேர்ந்தன, ஐந்து ஏழாயின, அளவுகள் மாறின. தலைமை மாறவில்லை, வேண்டுதலாகிய பயனும் மாறவில்லை. நம் பழந்தமிழ் இசைநூலார் தைவதத்தை விளரி என்பர். அந்த விளரியே பைரவத்தின் கருவறையில் அன்றும் இன்றும் வீற்றிருப்பது.

பாத்கண்டேயின் பெயரைச் சொல்லும்போது தமிழ்நாட்டோடு அவருக்கிருந்த தொடர்பையும் கூறுதல் கடன். முத்துசுவாமி தீட்சிதர் (1775-1835) இளமையில் சிதம்பரநாத யோகியாரோடு காசியிற் பல ஆண்டுகள் வாழ்ந்து, வடநாட்டு இசையைக் கேட்டுணர்ந்தவர். மீண்டு வந்து திருத்தணிகை முருகன் திருவருளால் அவர் பாடிய முதற்கீர்த்தனை மாயாமாளவகௌளையில் அமைந்தது என்பர். அவர் இறைவனடி சேர்ந்த இடம் எட்டயபுரம். 1904ஆம் ஆண்டில் பம்பாயினின்று தென்னாட்டு யாத்திரை வந்த பாத்கண்டே, அதே எட்டயபுரத்தில் தீட்சிதர் மரபில் வந்த சுப்பராம தீட்சிதரைக் கண்டு உரையாடினார். வேங்கடமகியின் 72 மேளகர்த்தா முறையை அறிந்து சென்றார். பின்னர் வடநாட்டு இராகங்களைப் பத்துத் தாட்டுகளாக அவர் வகுத்தபோது, அவற்றுள் ஒன்றற்குப் பைரவம் என்றே பெயரிட்டார். ஜோகியா, ராம்கலி, காலிங்கடா முதலியன அதன் குடும்பத்தன. கங்கைக் கரைக்குத் தென்னாட்டார் ஒருவர் சென்றார். ஒரு நூற்றாண்டு கழித்து வடநாட்டார் ஒருவர் இங்கு வந்தார். இசையுலகில் வடக்கும் தெற்கும் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்தன என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

காத்தளித்த கைகள்

இவ்வளவு காலமும் பைரவத்தைக் காத்தவர் யாவர்? கோயில்களிலும் அரசவைகளிலும் துருபதம் பாடியோர், பின்பு கியால் பாடியோர், வீணையும் ஷெனாயும் வாசித்தோர் எனப் பலர். அவருட் பெரும்பகுதியினர் பிறப்பால் இசுலாமியர். துருபதத்தை வழிவழியாகப் போற்றிய டாகர் குடும்பத்தினர் அவருட் சிறந்தோர். மூத்த டாகர் சகோதரர் எனப் புகழ்பெற்ற நாசிர் மொயினுத்தீன் டாகர் (1919-1966), நாசிர் அமினுத்தீன் டாகர் (1923-2000) ஆகியோரும், சிவபெருமான் பெயர் பெற்ற ருத்ர வீணையை வாசித்த ஜியா மொகியுத்தீன் டாகர் (1929-1990) அவர்களும் அம்மரபினர். துருபத ஆலாபனையில் வரும் அசைகள் இறைவன் திருநாமங்களினின்று பிறந்தவை என்பது அக்குடும்பத்தார் போற்றும் கொள்கை. காசியில் பாலாஜி கோயிலில் அமர்ந்து நாள்தோறும் ஷெனாய் பயின்ற பிஸ்மில்லா கான் (1916-2006) அவர்களை அறியாதார் இலர். சீக்கியரின் திருமறையாகிய குரு கிரந்த சாகிபிலும் பைரவம் ஓர் இராகமாக அமைந்து, கபீர், நாமதேவர் முதலிய அடியார்களின் பாடல்கள் அதன்கீழ் வகுக்கப்பெற்றுள்ளன. 1975ஆம் ஆண்டு முதல் காசித் துளசி கட்டத்தில் மகா சிவராத்திரியை ஒட்டி நடைபெறும் துருபத விழாவில் பாடுவோரும் பல சமயத்தவர்.

சைவ மணம் இழந்தது என்று யான் இளமையிற் பழித்த இசையில், சிவன் திருப்பெயர் ஒரு நாளும் நீங்கியதில்லை. அதனைக் காத்த கைகளின் பெயரையே யான் அறியாதிருந்தேன்.

புனராவர்த்தனம்

இப்போது நம் திருக்கோயிலுக்கு வருவோம். பழுதுற்ற கோயிலைப் புதுக்கி, அட்டபந்தனம் சாத்தி, மீண்டும் செய்யும் குடமுழுக்கைப் புனராவர்த்தனம் என்று ஆகம நூலார் வழங்குவர். பாலாலயத்தில் எழுந்தருளுவித்த இறைவனை மீண்டும் மூலத்தானத்தில் எழுந்தருளச் செய்கின்றோம். கல் புதிது, சுதை புதிது, மருந்து புதிது, எழுந்தருளும் பெருமான் பழையவன். பைரவத்திற்கு 700 ஆண்டுகளில் நிகழ்ந்ததும் ஒருவகைப் புனராவர்த்தனமே. தூண்கள் மாறின, மூலத்தானத்தில் தைவதம் இருந்தது.

ஆயின் இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. எல்லாம் மாறலாம் என்பதன்று இதன் கருத்து. ஏழு சுரங்களும் குறைவின்றி இருந்தும், தைவதத்தின் தலைமையும் அசைவும் நீங்கின், பாடப்படுவது பைரவம் ஆகாது. எது மாறத்தக்கது, எது மாறாது காக்கத்தக்கது என்று அறிந்து செய்வதே திருப்பணி. நம் கோயிலில் அந்த மாறாத உயிர்ச்சுரம் யாது? வைகறையில் திருவனந்தல் வழிபாடும், அப்போது ஓதப்பெறும் திருப்பள்ளியெழுச்சியும், நாள் தவறாத பூசையும், அடியார் வருகையுமே அல்லவா? இராஜகோபுரத்திற்கும் மண்டபத்திற்கும் பொருளை வாரி வழங்கிய அன்பர்களின் கொடை பெரிது. அவர்தம் குலம் தழைக்க. அவர்களிடம் முதியவன் என்ற உரிமையில் ஒரு விண்ணப்பம் செய்கின்றேன். குடமுழுக்கு முடிந்து, நாற்பத்தெட்டு நாள் மண்டலாபிடேகமும் நிறைவுற்று, பந்தல் பிரித்தபின், நாள்தோறும் விடியலில் சந்நிதியில் நின்று பண்ணோடு பாட ஓர் ஓதுவாரும், அவரிடம் பயிலச் சில இளஞ்சிறாரும் இருக்குமாறு நிலையான ஒரு கட்டளை வையுங்கள். கல்லில் இட்ட பொருள் கண்ணுக்குத் தெரியும். இதில் இடும் பொருள் காதுக்குத் தெரியும். கோயிலைக் கோயிலாக வைத்திருப்பது இதுவே.

கேதார கட்டத்துப் படிகளில் அன்று கேட்ட ஷெனாய் இன்றும் என் செவியில் உள்ளது. அதனை வாசித்தவர் யாவர், எச்சமயத்தவர் என்று யான் கேட்கவில்லை. பொழுது புலரும் முன் யாரோ ஒருவர் எழுந்து இறைவனை எழுப்பிக்கொண்டிருந்தார். நம் திருக்கோயிலிலும் அவ்வொலி என்றும் ஓயாதிருக்க, எழுந்தருளியுள்ள அம்மையப்பர் திருவருள் முன்னிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.